சுழலும் சக்கரத்துக்குள் கரண்ட் எப்படிப் போகிறது?

ஸ்டீயரிங் மாற்றிய கார்களுக்கென்றே ஒரு புகார் உண்டு. வண்டி ஸ்டார்ட் ஆகும், விளக்கு எரியும், வைப்பர் ஓடும். ஹாரன் மட்டும் அடிக்காது. சில வண்டிகளில் அடிக்க ஆரம்பித்தால் நிற்காது. இன்னும் சிலவற்றில் நேராகப் போகும்போது அடிக்கும், வளைவில் திரும்பினால் ஊமையாகிவிடும். மாற்றியது ஸ்டீயரிங் வீலை. ஹாரனோ முன்பக்கத்தில், ரேடியேட்டருக்கு முன்னால், தன் பாட்டுக்குக் கிடக்கிறது. அதை யாரும் தொடவே இல்லை. பிறகு ஏன் இந்த மௌனம்?

ஆந்திரத்தின் சித்தூரிலிருந்து தமிழ்நாட்டின் வேலூர்ப் பக்கம் வரும் வழியில், எல்லையை ஒட்டி இருக்கிறது குடிபாலா. மாங்காய் சீசனில் கூழ் ஆலைகளுக்குப் போகும் டிராக்டர்கள், கல் ஏற்றிய லாரிகள், பால் வண்டிகள், வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு நோயாளிகளைக் கொண்டுபோகும் கார்கள், நடுவில் ரோட்டைக் கடக்கும் ஆட்டு மந்தை என்று எல்லாம் கலந்து ஓடும் வட்டாரம் இது. இப்படிப்பட்ட சாலையில் ஹாரன் இல்லாத வண்டியை எடுக்க யாருக்கும் மனம் வராது. சட்டமும் விடாது, 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆம் விதி வண்டிக்கு ஹாரன் இருந்தே தீர வேண்டும் என்கிறது. ஆகவே ஊமையான ஹாரனோடு வண்டி நேராகப் பட்டறைக்குத்தான் வரும். அங்கே நடக்கும் பத்து நிமிட வேலைக்குள் மின்சாரவியலின் அழகான கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது: ஓயாமல் திரும்பிக்கொண்டிருக்கும் ஒரு பொருளுக்குள், அசையாமல் நிற்கும் ஒரு பொருளிலிருந்து கரண்ட்டை எப்படிக் கொண்டுபோவது?

திரும்பி வரும் பாதை

முதலில் பேட்டரி. திருப்பதிக்குப் பக்கத்துக் கரகம்பாடியில் அமர ராஜா நிறுவனம் செய்கிற அமரான் ஆனாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, சாதாரணக் கார் பேட்டரிக்குள் ஆறு செல்கள் வரிசையாக இணைந்திருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல் தரும். ஆறும் சேர்ந்து 12 வோல்ட் சொச்சம். பிளஸ் முனையிலிருந்து கிளம்பும் கரண்ட் தன் வேலையை முடித்துவிட்டு மைனஸ் முனைக்குத் திரும்பியாக வேண்டும். போகும் பாதை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், திரும்பும் பாதை அறுந்திருந்தால் ஒன்றுமே நடக்காது.

போகும் பாதைக்குக் காரில் ஒயர் உண்டு. திரும்பும் பாதைக்குப் பெரும்பாலும் தனி ஒயர் கிடையாது. பேட்டரியின் மைனஸ் முனை காரின் இரும்பு உடலோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அந்த உடலே திரும்பும் பாதை. பட்டறைக்காரர்கள் இதை 'பாடி எர்த்' என்பார்கள். கதவு, சேசிஸ், என்ஜின், ஸ்டீயரிங் தண்டு என்று காரின் இரும்பெல்லாம் சேர்ந்து ஒரே பெரிய ஒயராகிவிடுகிறது. இதனால் எத்தனையோ மீட்டர் செம்பு மிச்சம்.

ஹாரன் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த சங்கதி. வீட்டில் விளக்கின் சுவிட்ச், கரண்ட் வரும் பக்கத்தில் இருக்கும். காரின் ஹாரன் சுவிட்ச் பெரும்பாலான வண்டிகளில் கரண்ட் திரும்பும் பக்கத்தில், அதாவது எர்த் பக்கத்தில் இருக்கிறது. காரணம் எளிது. ஸ்டீயரிங் வரைக்கும் ஒரே ஒரு ஒயர் வந்தால் போதும். ஹாரன் மூடியை அமுக்கும்போது அந்த ஒயரின் நுனி ஸ்டீயரிங்கின் இரும்பைத் தொடும். இரும்பு எப்படியும் எர்த்தோடு சேர்ந்திருப்பதால் சுற்று முழுமையாகிவிடும். இப்போது புரியும்: ஸ்டீயரிங் வீல் என்பது வண்டியைத் திருப்பும் பிடி மட்டும் அன்று, ஹாரன் சுற்றின் ஒரு பகுதி. அதைக் கழற்றி வேறொன்றைப் போடுவது, சுற்றின் ஒரு ஒயரை அறுத்து வேறு ஒயரை ஒட்டுவதற்குச் சமம்.

நடுவில் நிற்கும் ரிலே

ஹாரனுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் ரிலே என்ற சிறிய கறுப்புப் பெட்டி இருக்கும். இதன் அருமை ஒரு சின்னக் கணக்கில் தெரியும்.

ஜோடி ஹாரன் அடிக்கும்போது சுமார் 8 ஆம்பியர் கரண்ட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் 8 ஆம்பியர் என்றால் அதன் மின்தடை ஒன்றரை ஓம். ரிலே இல்லாத வண்டியில் இந்த 8 ஆம்பியரும் ஸ்டீயரிங்கில் உள்ள சின்ன கான்டாக்ட் வழியாகவே போக வேண்டும். அங்கே துரு ஏறி ஒரே ஒரு ஓம் தடை கூடினால் போதும். மொத்தத் தடை இரண்டரை ஓம் ஆகி, ஹாரனுக்குக் கிடைப்பது 7 வோல்ட் சொச்சமாக இறங்கிவிடும். ஹாரன் முனகும், அல்லது வாயே திறக்காது.

இப்போது ரிலேயைச் சேர்ப்போம். ஸ்டீயரிங் பக்கம் இருப்பது ரிலேயின் சுருள் மட்டுமே. அதன் தடை சுமார் 80 ஓம்; அது இழுப்பது ஒரு ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதே ஒரு ஓம் துரு இங்கே ஏறினாலும் சுருளுக்கு 11.85 வோல்ட் கிடைத்துவிடும். சுருள் காந்தமாகி, 'டிக்' என்ற சத்தத்தோடு உள்ளே ஒரு கனமான கான்டாக்ட்டை மூடும். 8 ஆம்பியர் பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் வழியாக நேரே ஹாரனுக்குப் போய்விடும். விரல் தருவது சிறு கட்டளை மட்டும். பளுவைத் தூக்குவது வேறொரு பாதை. தந்திச் செய்திகளைத் தொலைதூரம் அனுப்ப 19-ஆம் நூற்றாண்டில் வளர்ந்த உத்திதான் இன்றும் ஒவ்வொரு காரின் ஃபியூஸ் பெட்டியிலும் உட்கார்ந்து வேலை செய்கிறது.

அந்த 'டிக்' சத்தம் பழுது பார்ப்பவருக்குப் பெரிய துணை. ஹாரனை அமுக்கும்போது ரிலே டிக்கென்றால், ஸ்டீயரிங் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். ஃபியூஸ், ரிலேயின் கனமான கான்டாக்ட், ஹாரன் ஆகியவற்றைத் தேட வேண்டும். டிக் வரவில்லை என்றால் கோளாறு ஸ்டீயரிங் பக்கம் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கையளவு இடத்தில் தேடுவது

குடிபாலாப் பக்கத்துச் சாலையோர ஆட்டோ எலெக்ட்ரிக்கல் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தால், தேடும் முறையின் ஒழுங்கு தெரியும். பழைய வண்டி, ஏர்பேக் இல்லாதது, புதிதாக ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங் போட்டிருக்கிறார்கள். எலெக்ட்ரீசியன் ஹாரன் மூடியைப் பிடுங்கி எடுக்கிறார். உள்ளே தொங்கும் ஒற்றை ஒயரின் நுனியை, துண்டு ஒயர் ஒன்றால் டாஷ்போர்டுக்கு அடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டோடு தொட வைக்கிறார். ஹாரன் அலறுகிறது. இந்த ஒரு தொடுதலில் பேட்டரி, ஃபியூஸ், ரிலே, ஹாரன், ஒயர் ஐந்தும் நல்லவை என்று தீர்ந்துவிட்டது. அடுத்து அதே நுனியை ஸ்டீயரிங்கின் நடு இரும்பில் தொடுகிறார். சத்தமே இல்லை. "ஹாரன் பாகுண்டாதி அண்ணா, எர்த்தே ராலேது" என்கிறார்; வண்டிக்காரர் வேலூர்க்காரர் என்று தெரிந்ததும், "ஹாரன் நல்லாத்தாண்ணா இருக்கு, எர்த்துதான் வரல" என்று தமிழிலும் சொல்லிவிடுகிறார்.

எர்த் ஏன் வரவில்லை? காரணங்கள் சிலதான். புது ஸ்டீயரிங்கைத் தண்டோடு இணைக்க நடுவில் ஒரு உலோகத் துண்டு போடுவார்கள். 'பாஸ் கிட்' என்று பெயர். அது பளபளவென்று கறுப்புப் பூச்சோடு வரும். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. இரும்பும் இரும்பும் தொடுவதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும் நடுவில் மெல்லிய திரை இருக்கிறது. போல்ட் உட்காரும் இடத்தில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பூச்சை எடுத்தாலே பல வண்டிகள் பேசிவிடும்.

இன்னொரு காரணம் கீழே இருக்கிறது. சில வண்டிகளில் ஸ்டீயரிங் தண்டு ஸ்டீயரிங் பெட்டியோடு சேரும் இடத்தில், சாலையின் அதிர்வு கைக்கு வராமல் இருக்க ரப்பர் இணைப்பு வைத்திருப்பார்கள். ரப்பர் திருப்பு விசையைக் கடத்தும், கரண்ட்டைக் கடத்தாது. அதைத் தாண்டி எர்த் போக ஒரு சிறிய செம்புப் பட்டையைப் பாலமாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டை துருப்பிடித்தாலோ, கழற்றும்போது விட்டுப்போனாலோ தண்டு முழுவதும் தனித் தீவாகிவிடும்.

ஹாரன் நிற்காமல் அடிப்பது இதற்கு நேர் எதிரான கோளாறு. ஹாரன் மூடிக்குப் பின்னால் இருக்கும் தகடு, அமுக்காத நேரத்தில் ஸ்டீயரிங் இரும்பைத் தொடக் கூடாது. அதற்காகவே திருகாணிகளைச் சுற்றி சின்னஞ்சிறு பிளாஸ்டிக் புஷ்களும் வாஷர்களும் இருக்கும். கழற்றும்போது இவை உருண்டு எங்காவது போய்விடும். ஒன்றைப் போட மறந்தாலும் திருகாணியை இறுக்கிய கணமே ஹாரன் கத்த ஆரம்பிக்கும். சில நேரம் ஒயரின் தோல் கூர்மையான விளிம்பில் உரசி உரிந்திருக்கும். ஓரிடத்தில் நன்றாகத் தொட வேண்டும், பக்கத்திலேயே சற்றும் தொடக் கூடாது. இந்த இரண்டையும் உள்ளங்கை அளவு இடத்தில் காப்பாற்றுவதுதான் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி.

உரசும் வளையம், சுருளும் நாடா

இனி மையமான கேள்விக்கு வரலாம். ஸ்டீயரிங் தண்டை மூடி அசையாமல் நிற்கும் தண்டுறையிலிருந்து சுழலும் வீலுக்கு அந்த ஒற்றை ஒயர் எப்படி வருகிறது? நேராக ஒயரைக் கட்டினால் நாலு திருப்பில் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும்.

பழைய விடை, உரசும் வளையம். ஸ்டீயரிங்கின் பின்பக்கம் செம்பு அல்லது பித்தளையில் ஒரு வட்ட வளையம். எதிரே தண்டுறையில் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய முனை. வீல் எப்படித் திரும்பினாலும் முனை வளையத்தின் மேல் உரசிக்கொண்டே இருக்கும். அம்பாசடர் காலத்துக் கார்களில் பரவலாக இருந்த ஏற்பாடு இது. இந்த யோசனைக்கு வயது அதிகம். 1831-இல் மைக்கேல் ஃபாரடே காந்தத்தின் துருவங்களுக்கு நடுவே செம்புத் தட்டைச் சுழற்றி முதல் மின்னாக்கியைச் செய்தபோது, சுழலும் தட்டிலிருந்து கரண்ட்டை எடுக்க விளிம்பிலும் அச்சிலும் உரசும் முனைகளைத்தான் வைத்தார்.

உரசும் வளையத்தின் நோய்களும் உரசலால் வருபவையே. வளையத்தில் ஓரிடத்தில் அழுக்கோ பள்ளமோ இருந்தால், ஸ்டீயரிங் அந்தக் கோணத்துக்கு வரும்போது மட்டும் ஹாரன் ஊமையாகும். புது வீலின் வளையம் பழைய முனைக்கு எட்டாமல் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் எந்தக் கோணத்திலும் வேலை செய்யாது. வளையத்தைத் துடைத்து, முனையின் ஸ்பிரிங்கைப் பார்த்து, மிகக் கொஞ்சமாக கிரீஸ் தடவுவது மருந்து.

புதிய விடை, சுருளும் நாடா. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தட்டையான ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் மெல்லிய செம்புப் பாதைகள் பதித்த நீள நாடா. தையற்காரர் மேசையில் தளர்வாகச் சுருட்டி வைத்த அளவு டேப்பை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவைத் திருப்பினால் ஒரு பக்கம் இறுகும், மறு பக்கம் தளரும், இரண்டு நுனிகளும் பிடித்த இடத்திலேயே இருக்கும். நாடாவின் உள் நுனி வீலோடும் வெளி நுனி தண்டுறையோடும் இணைந்திருப்பதால் உரசலே இல்லாமல் கரண்ட் போகிறது. பட்டறைகளில் இதை 'கிளாக் ஸ்பிரிங்' என்பார்கள். ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சுமார் மூன்று, மூன்றரைச் சுற்றுதான் சுற்றும் என்பதால் இந்தத் தந்திரம் செல்லுபடியாகிறது. முடிவில்லாமல் ஒரே பக்கம் சுற்றும் பொருளுக்கு நாடா உதவாது.

எதற்காக உரசும் வளையத்தைக் கைவிட்டு இவ்வளவு நுணுக்கமான நாடாவுக்கு மாறினார்கள்? ஏர்பேக்குக்காக. ஹாரன் அரை விநாடி தாமதித்தால் எரிச்சல்தான் வரும். மோதலின்போது விரிய வேண்டிய பைக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ 30 மில்லி விநாடி. உரசும் முனை ஒரு கணம் துள்ளினாலும் உயிர் போய்விடலாம். தவிர, காரின் கணினி ஏர்பேக் சுற்றின் மின்தடையை எந்நேரமும் அளந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. சில ஓம்களே உள்ள சுற்றில் உரசல் உண்டாக்கும் ஏற்ற இறக்கம் அந்த அளவைக் குழப்பிவிடும். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். ஆகவே அதற்குப் பின் வந்த காரின் ஸ்டீயரிங்கைத் தொடுகிறவர் கிளாக் ஸ்பிரிங்கையும் தொடுகிறார்.

இங்கேதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கிளாக் ஸ்பிரிங்கை நடுநிலையில் வைத்துத்தான் வீலை மாட்ட வேண்டும். ஒரு சுற்று தள்ளி மாட்டினால் அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். என்றைக்கோ ஒரு நாள் நெருக்கடியான இடத்தில் யு டர்ன் அடிக்க ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது, நாடா ஒரு பக்கம் இழுபட்டு அறுந்துவிடும். ஹாரன் நிற்கும், ஸ்டீயரிங்கில் உள்ள ஆடியோ பட்டன்கள் நிற்கும், ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியும். மூன்றும் ஒன்றாக வந்தால் நாடாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஒரே கேள்விக்குப் பல விடைகள்

சுழலும் பொருளுக்குக் கரண்ட் கொடுக்கும் கேள்வி காரோடு நிற்பதில்லை. அதே காரின் ஆல்டர்னேட்டரில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் நடுப்பகுதிக்கு, இரண்டு வளையங்களும் கார்பன் பிரஷ்களும் கரண்ட் தருகின்றன. நம் வீட்டு சாதாரண மின்விசிறி வேறு வழியைப் பிடித்தது: அதன் நடுவில் இருக்கும் ஒயர்ச் சுருள் அசைவதே இல்லை, வெளிக்கூடுதான் சுற்றுகிறது. அசையாத சுருளின் மாறும் காந்தப்புலம், தொடாமலேயே வெளிக்கூட்டில் கரண்ட்டைத் தூண்டிவிடுகிறது.

திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போகும் புவிநிலைச் செயற்கைக்கோள்களின் சூரியத் தகடுகள், சூரியனைத் தொடர்ந்து நாளுக்கு ஒரு சுற்று வீதம் பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே நாடா பயன்படாது. கரண்ட் வளையங்களின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. பழைய காரின் பித்தளை வளையமும் விண்வெளியில் சுற்றும் வளையமும் ஒரே குடும்பம்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் காதங்கியில் இருக்கிறது தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம். மேலே உள்ள காற்றோட்டங்களை ஆராயும் அதன் பெரிய ரேடார், சுழலும் பொருளே வேண்டாம் என்று முடிவு செய்தது. 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அந்த ரேடாரில் 1024 ஆன்டெனாக்கள் தரையில் நட்டபடி அசையாமல் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அலை போய்ச் சேரும் கட்டத்தைச் சற்றே முன்பின்னாக மாற்றினால், கற்றை தானே சாய்ந்து வேறு திசையைப் பார்க்கும். இரும்பு திரும்பவில்லை, பார்வை திரும்புகிறது. கார்களும் மெல்ல இந்தத் திசையில் நகர்கின்றன. பல புதிய வண்டிகளில் ஹாரன் பட்டன் ரிலேயை நேராகத் தொடுவதில்லை. 'அமுக்கினார்கள்' என்ற செய்தியைக் கணினிக்கு அனுப்புகிறது, ரிலேயை இயக்குவது அந்தக் கணினி. அந்தச் செய்தியும் சுழலும் வீலிலிருந்து நாடா வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

ஒலியும் அதன் பொறுப்பும்

சுற்று முழுமையானதும் ஹாரனுக்குள் நடப்பது தனி விந்தை. சுருள் காந்தமாகி மெல்லிய எஃகுத் தகட்டை இழுக்கிறது. இழுபட்ட தகடு ஒரு கான்டாக்ட்டைத் திறந்து தன் கரண்ட்டைத் தானே அறுத்துக்கொள்கிறது. காந்தம் போனதும் தகடு திரும்புகிறது, கான்டாக்ட் மூடுகிறது, மறுபடி இழுப்பு. இது விநாடிக்கு நானூறு தடவைக்கு மேலும் நடக்கும். ஜோடி ஹாரன்களில் ஒன்றில் 400, மற்றதில் 500 என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். அவை விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண்கள். 400-ஐ ஷட்ஜம் என்று வைத்தால் 500 அந்தர காந்தாரம். இரண்டும் இசைந்து ஒலிப்பதால்தான் நல்ல ஜோடி ஹாரன் காதைக் குத்தாமலே தூரத்துக்குக் கேட்கிறது. தட்டு வடிவ ஹாரன்களின் முன்னால் இருக்கும் வட்டத் தகடு இதோடு 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளையும் எழுப்பும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது அந்தப் பகுதியைத்தான்.

அவ்வளவு கூர்மையான ஒலி என்பதாலேயே அதற்கு எல்லையும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி குறைந்தது 100 மீட்டர் தூரத்தை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே ஹாரன் அடிக்கக் கூடாது. குடிபாலா மண்டலத்து ராமாபுரத்தில் வேலூர் சிஎம்சியின் சித்தூர் வளாகம் இருக்கிறது. அவசரத்துக்கு ஹாரன் அடிக்க வேண்டும் என்று நினைக்கிற அதே மனம், அந்த வாசலைக் கடக்கும்போது விரலை அடக்கவும் பழக வேண்டும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

ஸ்டீயரிங்கைக் கழற்றக் கொடுப்பவர் சில விஷயங்களை வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். முன் சக்கரங்களை நேராக வைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியானால் முதலில் பேட்டரி முனையைக் கழற்றி, கார் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஏர்பேக் கணினிக்குள் சேமித்த மின்சாரம் வடிய அந்த நேரம் தேவை. மஞ்சள் நிற கனெக்டர் ஏர்பேக்குக்கு உரியது. அதில் டெஸ்ட் லேம்ப்பையோ மல்டிமீட்டரையோ வைக்கவே கூடாது. சோதனை விளக்கின் கரண்ட்டே பையை முகத்துக்கு நேரே வெடிக்க வைக்கலாம். கிளாக் ஸ்பிரிங் நடுநிலை மாறாமல் இருக்க டேப் ஒட்டி நிறுத்த வேண்டும். நடு நட்டைக் குத்துமதிப்பாக முறுக்காமல் டார்க் ரென்ச் வைத்து, சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும்.

ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கை எடுத்துவிட்டு அழகுக்காக ஏர்பேக் இல்லாததைப் போடுவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ஹாரனை ஒரு துண்டு ஒயரில் மீட்டுவிடலாம். அந்த 30 மில்லி விநாடியை எந்தப் பட்டறையாலும் திருப்பித் தர முடியாது.

மாற்றி முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டாம். பட்டறை வாசலிலேயே ஸ்டீயரிங்கை இடது கோடி வரை, பிறகு வலது கோடி வரை மெதுவாகத் திருப்பி, ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஹாரனை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். எல்லாக் கோணத்திலும் பேசினால், எர்த்தும் இன்சுலேஷனும் நாடாவும் தத்தம் இடத்தில் சரியாக இருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். ஏதாவது ஒரு கோணத்தில் தயங்கினால், அன்றைக்கே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.